தண்ணீருக்குள் போன கைகள்

தன் தம்பிக்குக் கை வரைய வராது என்பது ரென்ஸாவுக்கு அவனுடைய பத்தொன்பதாவது வயதிலேயே தெரியும். முகம் வரும். முதுகு வரும். மழையில் ஊறிய சுவரும் அந்தி வெளிச்சமும் நன்றாகவே வரும். கை என்று வந்துவிட்டால் மட்டும் லெயார்கோவின் பென்சில் மாவு உருட்ட ஆரம்பித்துவிடும்.

மிலானில் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, மாதிரிக்கு உட்கார்ந்திருந்த பெண்ணின் மடிமேல் அவன் வரைந்து வைத்த விரல்களைப் பேராசிரியர் குனிந்து பார்த்தார். "போர்த்தலூப்பி, இதை உங்கப்பா கடையில கிலோ கணக்குல விக்கிறாரே. நீ எதுக்கு இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தே?" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. லெயார்கோவின் அப்பா பிரீமோ போர்த்தலூப்பி, கஸ்தெல்ரானா ஊரில் வாத்துக்கறியைக் கழுத்துத் தோலுக்குள் அடைத்துச் சலாமி செய்து விற்பவர்.

அன்று மாலை ரயிலிலேயே ஊருக்கு வந்தவன் மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு மேசைக்கு வந்து, கை வரைவதெல்லாம் முதலாளிகளின் ருசி, இனிமேல் உலகத்தில் யாரும் கை வரையப்போவதில்லை என்று அறிவித்தான். அப்பா உப்பும் மிளகும் ஏறி வெடித்திருந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அம்மா இனேஸ், "முதல்ல சூப்பைக் குடி, ஆறிப்போகுது" என்றாள்.

இனேஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு அவளைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் சரியாகச் சொல்லவில்லை. சதுக்கத்தைப் பார்த்து மூன்று கண்ணாடி ஜன்னல் வைத்த கடை அது. இனேஸ் முத்துத்தோடு போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். வியாழக்கிழமை தோறும் நகம் திருத்திக்கொள்வாள். சேறு என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் நெல்வயல்தான், வசந்த காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். அவளோ அந்தத் தண்ணீரைக் காரின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். அதையும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொசு வருமே என்று. கடைத்தரையை ஒரு நாளைக்கு நான்கு முறை மரத்தூள் போட்டுத் துடைக்கச் சொல்வாள்.

அடுத்த இருபது வருடம் லெயார்கோ என்ன செய்தான் என்று கேட்டால், கையில்லாத கலை எது உண்டோ அத்தனையும் செய்தான் என்பதுதான் பதில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் கடையிலிருந்து இரண்டு சாக்கு வாத்திறகை எடுத்துப்போய் ஒரு கண்ணாடிப் பெட்டியில் நிரப்பி, அதற்கு 'வர்க்கம்' என்று பெயர் வைத்தான். பெட்டி உடைந்து, மிலானில் இருந்த ஒரு சின்னக் கூடம் முழுக்க இறகு பறந்து, பார்க்க வந்த பன்னிரண்டு பேரும் தும்மிக்கொண்டு வெளியே போனார்கள். எழுபத்தேழில் நாற்காலிகளைக் கொளுத்தினான். எண்பத்து மூன்றில், மறுபடியும் மனிதர்களை வரைவதுதான் நாகரிகம் என்று காற்று மாறியபோது, ஆளுயரத்துக்கும் மேலான நிர்வாண ஆண்களை வரைந்தான். எல்லோருக்கும் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"இவங்களை எல்லாம் போலீஸ் பிடிச்சுட்டுப் போகுதா?" என்று ரென்ஸாவின் கணவன் ஆத்தீலியோ மட்டும் ஒருமுறை கேட்டான். வாத்து அறுக்கிற மேசையை விட்டு அதிகம் நகராத மனிதன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஒரு கல்யாணமும் நடுவில் நடந்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி எட்டு வருடம் அவனுக்குச் சம்பாதித்துப் போட்டுவிட்டு, ஒருநாள் தன் தையல் மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போனதை 'என் சாம்பல் நிறக் காலம்' என்று லெயார்கோ குறிப்பிடுவான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆத்தீலியோ ரயிலேறிப் போய், சலாமியும் ரொட்டியும் சலவை செய்த சட்டையும் கொடுத்துவிட்டு வருவான். அப்பா இறந்தபிறகு கடையை ரென்ஸா எடுத்துக்கொண்டாள். தம்பியைப் பற்றி யாராவது கேட்டால், "மிலான்ல இருக்கான்" என்பாள். என்ன செய்கிறான் என்று கேட்டால், "இருக்கான்" என்பாள்.

தொண்ணூற்றொன்றில் இனேஸ் இறந்தாள். அடக்கத்துக்கு லெயார்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், சவப்பெட்டியின் வார்னிஷ் சரியில்லை என்று சொன்னான், போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து வெர்ச்செல்லியில் ஏதோ ஒரு கூடத்தில், வயலில் களையெடுத்த பெண்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்தான். நாற்பது நாள் வேலைக்காக வெளியூர்களிலிருந்து ரயில் ரயிலாக வந்து, முழங்கால் தண்ணீரில் வரிசையாகக் குனிந்து நின்ற பெண்கள். பெரிய வைக்கோல் தொப்பி. வளைந்த முதுகு. பாதம் தண்ணீருக்கு அடியில். கையும் தண்ணீருக்கு அடியில்.

அந்தப் புகைப்படங்களுக்கு முன்னால் அவன் ஒரு மணி நேரம் நின்றானாம். பின்னாளில் பேட்டிகளில் சொல்வான், தான் அழுததாக. ரென்ஸாவுக்குத் தெரியும், அவன் அழுதிருக்க மாட்டான். பொந்து கிடைத்த எலி அழுமா?

முதல் படத்தைக் கடைக்கே கொண்டுவந்தான். கறி வெட்டும் மேசையில் சாய்த்து வைத்தான். சாம்பலும் நீலமுமாகத் தண்ணீர், அதில் நான்கு பெண்கள். தொப்பி நிழலில் முகம் பாதி மறைந்திருந்தது. தண்ணீர் நன்றாக வந்திருந்தது. அதை மறுக்க முடியாது.

"கை எங்கடா?" என்றாள் ரென்ஸா.

"தண்ணிக்குள்ள."

"கால்?"

"அதுவும்தான்."

 அவனுக்கு நாற்பத்தொரு வயது. முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அவள் துணியை எடுத்து, படத்தைச் சுற்றி மேசையைத் துடைத்தாள்.

இந்த இடத்தில்தான் தூல்லியோ காம்பரானா வந்து சேர்ந்தார். முதலில் கம்பளம் விற்றவர், பிறகு சமையல் பாத்திரம், பிறகு தொலைக்காட்சியில் ஓவியம். மதியம் மூன்று மணிக்கு ஒரு தனியார் சானலில் நின்றுகொண்டு, தொண்டை கட்டும்வரை பேசி, வீட்டில் சும்மா இருக்கும் பல் மருத்துவர்களுக்கும் விதவைகளுக்கும் தொலைபேசி வழியாகப் படம் விற்பார். லெயார்கோவின் படங்களைப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தப் பொம்பளைங்க யாரு, மாயெஸ்த்ரோ? சும்மா பொம்பளைங்கன்னா விக்காது."

லெயார்கோவை அதுவரை யாரும் மாயெஸ்த்ரோ, அதாவது கலைமேதை, என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவன் எதையும் கொடுத்திருப்பான். கொடுத்தது தன் தாயை.

"எங்கம்மா" என்றான்.

ரென்ஸா அதைக் கடையில் வைத்துத்தான் கேட்டாள். கல்லாவுக்கு மேலே சின்ன டிவி ஒன்று உண்டு. உள்ளே ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். திரையில் காம்பரானா ஒரு படத்தைத் தடவிக்கொண்டே, பார்க்கும் சீமாட்டிகளிடம், "பதினோரு வயசு, சிஞ்ஞோரா, பதினோரு வயசுல தண்ணியில இறங்கின தாய். இனேஸ். அந்த இனேஸ் பெத்த மகன் இந்த மேதை" என்றார். பக்கத்தில் லெயார்கோ தலைகுனிந்து நின்றான். கழுத்தில் கூலியாட்கள் கட்டுகிற சிவப்புக் கைக்குட்டை. வாழ்நாளில் முதல்முறையாக அதைக் கட்டியிருந்தான்.

வரிசையில் நின்றவர்கள் திரையையும் ரென்ஸாவையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு, சிகையலங்காரக் கடைக்காரரின் மனைவி பினூச்சா மெதுவாகக் கேட்டாள்: "ரென்ஸா, உங்கம்மா வயல்ல இறங்குறப்போ அந்த முத்துத்தோட்டைக் கழட்டிட்டு இறங்கினாங்களா, போட்டுட்டேவா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ரென்ஸா இருநூறு கிராம் கேட்டவளுக்கு முந்நூறு வெட்டிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை தொலைபேசியில் அவனைப் பிடித்தாள்.

"அம்மா கால்ல தண்ணி பட்டது குளியல் தொட்டியில மட்டும்தான்டா."

"ரென்ஸா, கலையில உண்மைங்கறது வேற மாதிரி."

"எந்த மாதிரி?"

"அது நம்ம அம்மா இல்ல. எல்லாருடைய அம்மாவும்."

"அப்ப எல்லாருடைய பேரையும் சொல்லு. இனேஸ்னு எதுக்குச் சொல்றே? நகம் உடைஞ்சா ரெண்டு நாள் படுத்துக்கிடப்பா அவ. அவளைப் போயி அட்டைப்பூச்சிக்குத் தின்னக் கொடுக்குறே."

"மதியம் மட்டும் பதினாலு படம் போயிருக்கு" என்றான் லெயார்கோ. 

ரென்ஸாவை ரொம்ப நல்லவளாக்கிவிடவும் கூடாது. நான்கு வருடம் கழித்து, வாத்துக்கொழுப்பில் பதப்படுத்திய கறி ஜாடிகளுக்குப் புது லேபிள் தேவைப்பட்டது. ஆத்தீலியோ லெயார்கோவின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்றை ஜாடிமேல் வைத்துப் பார்த்தான்.

"இதை ஒட்டலாம். ஜனங்க டிவியில பார்த்தது."

"எங்கம்மாவைக் கறி ஜாடியில ஒட்டச் சொல்றியா?"

"அது உங்கம்மா இல்லன்னு நீதானே தினமும் சொல்றே?"

 லேபிள் அச்சானது. ஜாடிகள் தூரின் வரைக்கும் போயின. தம்பியை ஏசும்போது மட்டும் அதற்குப்பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

கடைச் சுவரில் இனேஸின் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. ஐம்பத்து மூன்றில், கடை திறந்த அன்று எடுத்தது. ரோமக்கோட்டு, முத்துத்தோடு, கையுறை. அதைக் கழற்றிவிடும்படி லெயார்கோ மூன்று முறை கேட்டான். ரென்ஸா கழற்றவில்லை. ஒருநாள் மிலானிலிருந்து வாரப்பத்திரிகைப் பெண் ஒருத்தியை அவனே கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தான். அவன் வளர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாளாம். அவள் கண் நேராகச் சுவருக்குப் போனது.

"இது யாரு, சிஞ்ஞோரா?"

ரென்ஸா இந்தக் கேள்விக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவள். "எங்கம்மா இனேஸ். கடை திறந்த அன்னிக்கு" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

லெயார்கோ இரண்டு நொடி கண்ணை மூடினான். "இரவல் கோட்டு" என்றான். குரல் உடைந்திருந்தது. "இடுப்புக்கு மேல மட்டும் எடுத்திருக்காங்க, கவனிச்சீங்களா? கால் முழுக்க அட்டை கடிச்ச தழும்பு. கையுறையும் அதுக்குத்தான்."

அந்தப் பெண் குறிப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தப் புகைப்படம் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்தது.

"அந்தக் கோட்டு வாங்குறதுக்காக அப்பா வேனையே வித்தாரு" என்றாள் ரென்ஸா, பத்திரிகையை அவன் முன்னால் போட்டு.

"அதைச் சொல்லியிருந்தா யாரு அழுதிருப்பாங்க?" என்றான் அவன். கோபமே இல்லாமல் சொன்னான். ஏதோ சமையல் குறிப்புச் சொல்வதைப்போல.

இரண்டாயிரத்து ஐந்தில், கஸ்தெல்ரானாவின் பழைய அரிசி ஆலைக்குச் சுண்ணாம்படித்து, அவனுடைய நாற்பது படங்களை மாட்டினார்கள். நாற்பதிலும் தண்ணீர், நாற்பதிலும் முதுகு. திறப்பு விழாவுக்கு ஊரே வந்துவிட்டது. இனேஸிடம் சில்லறை வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஆனால் பத்து வருடமாக டிவியில் பார்த்துப் பார்த்து, அவர்களுக்கே சந்தேகம் வந்திருந்தது. ஒருவேளை சின்ன வயதில் இறங்கியிருப்பாளோ என்று பினூச்சாவே சொல்ல ஆரம்பித்திருந்தாள். மூலையில் ஆத்தீலியோ வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு சலாமி வெட்டிக்கொண்டிருந்தான்.

ஆர்ஜியா பொவொலெந்தா அங்கே வந்தது, அவளுடைய மகள் நீவெஸ் அழைத்து வந்ததால். ஆர்ஜியாவுக்கு எண்பத்திரண்டு வயது. போ என்னும் நதியின் கழிமுகத்திலிருந்து பதின்மூன்று வயதில் களையெடுக்க வந்தவள். இருபது வருடம் வயலில் நின்றபிறகு இங்கேயே ஒரு லாரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படமாக நின்று பார்த்தாள். மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"தண்ணி இவ்வளவு நீலமா இருக்காது" என்றாள், யாரிடமும் அல்லாமல். அடுத்த படத்துக்குப் போனாள். "கொசுவே காணோம்." நாற்று நடும் படம் ஒன்றுக்குப் போனாள். "நாத்து நடுறப்போ பின்னாடிதான் போவோம். இவளுங்க முன்னாடி போறாளுங்க. நட்டதை எல்லாம் மிதிச்சுட்டுப் போறாளுங்க."

அவளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. லெயார்கோவின் காதுக்கும் எட்டியது. சிவப்புக் கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தான், குனிந்தான், அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நீங்களும் தண்ணியில நின்னவங்களா?"

"நின்னேன். உங்கம்மா எந்தப் பண்ணையில நின்னா?"

லெயார்கோ ஒரு பண்ணையின் பெயரைச் சொன்னான். வழியில் கார் ஓட்டும்போது பலகையில் பார்த்த பெயராக இருக்க வேண்டும்.

"அங்க நான் ஒம்போது வருஷம் இருந்தேன்" என்றாள் ஆர்ஜியா. "இனேஸ்னு யாரும் இல்ல. இனேஸைக் கடையில பார்த்திருக்கேன். ஐம்பத்தஞ்சுல ஒருநா மழை, வேலை இல்ல. நாங்க நாலு பேரு வாத்துத்தோல் வறுவல் வாங்கப் போனோம். காலு ஈரமா இருக்கு, தரை கெட்டுப்போகும்னு வெளியிலயே நிறுத்திட்டா. மழையில நின்னுதான் வாங்கினோம். நல்ல தோடு போட்டிருந்தா."

 ஆத்தீலியோவின் கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ரென்ஸாவுக்குக் காது சுட்டது. அந்த நாள் அவளுக்கும் நினைவிருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஜன்னலுக்கு வெளியே ஈரத் தொப்பிகளை அவள் பார்த்திருக்கிறாள். ஆக, முடிந்தது என்று நினைத்தாள். அவமானமாக இருந்தது. அதற்கும் மேலே, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், சந்தோஷமாகவும் இருந்தது.

லெயார்கோவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நிஜக் கண்ணீர். அவனால் அது முடியும்.

"ஆமாம்" என்றான். "நிறுத்தியிருப்பாங்க. ஏன் தெரியுமா, அம்மா? உங்களைப் பார்த்தா அவங்களுக்குத் தன்னையே பார்க்குற மாதிரி இருந்திருக்கும். எங்கிருந்து தப்பிச்சு வந்தாங்களோ, அதை வாசல்ல பார்க்க முடியல. சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. என் ஒருத்தன்கிட்ட மட்டும் சொன்னாங்க. இனேஸுங்கறது இங்க வந்தப்புறம் வெச்சுக்கிட்ட பேரு."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும். பினூச்சா மூக்கைச் சிந்தினாள். ஆர்ஜியா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கைதட்டு அடங்கக் காத்திருந்தாள். அடங்கியதும் நீவெஸின் கைப்பையிலிருந்த பென்சிலையும் அழைப்பிதழையும் வாங்கி, அழைப்பிதழைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை அவனிடம் நீட்டினாள்.

"ஓவியக்காரன்னு சொல்றாங்க. இந்தா, என் கையை வரைஞ்சு குடு. இந்தப் படத்துல ஒருத்திக்கும் கையைக் காணோம். பேரனுக்குக் காட்டுறேன்."

நீட்டிய கை முடிச்சுமுடிச்சாக இருந்தது. இரண்டு விரல் வளைந்தே நின்றுவிட்டன. லெயார்கோ பென்சிலை வாங்கினான். அந்தக் கையைப் பார்த்தான். ரென்ஸா மூன்றடி தூரத்தில் நின்றாள். தம்பியின் நெற்றியில் வியர்வை முளைப்பதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். பத்தொன்பது வயதில் ரயிலிலிருந்து இறங்கிய அதே முகம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"இந்தக் கையை வரைய எனக்குத் தகுதி இல்ல" என்றான்.

இந்த முறை கைதட்டல் கூரையைத் தொட்டது. மறுநாள் இரண்டு பத்திரிகைகள் அந்த வரியையே தலைப்பாகப் போட்டன. அவன் பொதுவில் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதற்கும் கைதட்டு வாங்கிவிட்டானே என்று ரென்ஸா நினைத்துக்கொண்டாள்.

"உன் தம்பி நல்லாப் பேசுறான்" என்றாள் ஆர்ஜியா அவளிடம். பிறகு ஆத்தீலியோவின் மேசைக்குப் போய் உட்கார்ந்து, தட்டு நிறையச் சலாமி சாப்பிட்டாள்.

அந்த வருடக் கடைசியிலேயே 'பின்னோக்கி' என்ற புது வரிசை வந்தது. பெண்கள் இப்போது பின்பக்கமாக நகர்ந்தார்கள். கொசு இருந்தது. தண்ணீர் பழுப்பாக இருந்தது. கைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. "என் தாய் வாழ்க்கை முழுவதையும் பின்னால் நடந்தே கடந்தாள்" என்று அவன் பேட்டியில் சொன்னான். எதுவும் இவ்வளவு விற்றதில்லை. ஜூரிக்கிலிருந்து ஒருவர் ஆறு வாங்கினார். காம்பரானா கார் அனுப்பி ஆர்ஜியாவை ஸ்டுடியோவுக்கே வரவழைத்து, படத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவள், "பெரிசா இருக்கு" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு காம்பரானா இன்னும் மூன்று விற்றார். ஊர் திரும்பியதும் ரென்ஸாவிடம் ஆர்ஜியா சொன்னது, மதியச் சாப்பாட்டில் மீன் நன்றாக இருந்தது என்பதுதான்.

பிறகு எல்லாம் வடிந்தது. நடுவயதில் படம் வாங்கியவர்களுக்கு வயதாகி, வீட்டைச் சின்னதாக்க வேண்டி வந்தபோது, அந்தப் பெண்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று தெரிந்தது. சானல் மூடியது. காம்பரானா மெத்தை விற்கப் போனார். நொவாராவிலிருந்து ஒரு பல் மருத்துவர் இரண்டு பெரிய படங்களைக் கார் மேலே கட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்து, "நீங்க அவரோட அக்காதானே, எங்கயாவது வெச்சுக்கோங்க" என்றார். ரென்ஸா அவருக்கு இரண்டு ஜாடி கறி கொடுத்து அனுப்பினாள். படங்களை அவர் திரும்பக் கொண்டுபோகவில்லை. அவை வாத்துப் பண்ணைக் கொட்டகையில் காற்றுத் தடுப்பாக நின்றன.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் லெயார்கோ மிலானைக் காலிசெய்துவிட்டுக் கடை மாடிக்குக் குடிவந்தான். படம் போடுவது நின்றுபோனது. காலையில் காபிக்கடையில் நின்று, ஜனங்களுக்கு ஆன்மா இல்லாமல் போய்விட்டதால்தான் கலை படுத்துவிட்டது என்று சொல்வான். ஒரு மணிக்கு அக்காவின் மேசைக்கு வந்துவிடுவான். ஊர் மட்டும் அவனை இன்னும் மாயெஸ்த்ரோ என்றே கூப்பிட்டது. கழுத்துக் கைக்குட்டையை அவிழ்க்கவே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கு நவம்பரில் ஆர்ஜியா இறந்தாள். தேவாலயத்தில் நான்கு வார்த்தை பேசும்படி நீவெஸ் லெயார்கோவைக் கேட்டுக்கொண்டாள். அவன் அதை மேசையில் சொன்னதும் ரென்ஸா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ பேசக்கூடாது."

"அவங்கதான் கேட்டாங்க."

"அம்மாவோட தோழின்னு சொல்லப்போறே. எனக்குத் தெரியும். நீ எழுந்து நின்னேன்னா நானும் எழுந்து நிப்பேன், லெயார்கோ."

"நின்னு?"

"அவளை மழையில நிக்க வெச்சது எங்கம்மான்னு சொல்வேன். நான் உள்ள நின்னு பார்த்தேன்னு சொல்வேன்."

லெயார்கோ ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான். நிதானமாக மென்றான். அவன் முகத்தில் இருந்தது பயம் அல்ல. நீண்ட காலம் ஒரே கடையில் வேலை பார்த்தவனின் அலுப்பு.

"சொல்லு" என்றான். "உனக்கும் கைதட்டுவாங்க."

ரென்ஸா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடமாக அவனை மட்டமாக நினைப்பது தான் ஒருத்திதான் என்று எண்ணியிருந்தாள். அவனோ டிவி பார்த்தவர்கள், வாங்கியவர்கள், கைதட்டியவர்கள், அவள் உட்பட அத்தனை பேரையும் அதைவிட மட்டமாக நினைத்துக்கொண்டு, தினமும் அவர்களுக்கு வணக்கம் சொல்லி வாழ்ந்திருக்கிறான்.

மறுநாள் அவன் பேசினான். சவப்பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு, இரண்டு தோழிகள், ஒரே தண்ணீர் என்றெல்லாம் சொன்னான். ரென்ஸா எழுந்தாள். முழங்கால் வலித்தது. நூறு முகங்கள் அவள் பக்கம் திரும்பின, எல்லாவற்றிலும் இரக்கம். வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அந்த முகங்கள் மாறப்போவதில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வரிசையை விட்டு இறங்கி நடந்தாள். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். பினூச்சா அவள் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்தாள். பாதிரியார் மேடையிலிருந்தே தலையசைத்தார்.

வெளியே சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்த இடத்தில் ஆத்தீலியோ வந்து பக்கத்தில் நின்றான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. உள்ள மூச்சு முட்டுச்சு."

இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். ஒரு மணிக்கு லெயார்கோ மாடியிலிருந்து இறங்கி வந்தான். பீன்ஸ் போட்ட அரிசிச் சோறு. 

"எப்படி இருந்துச்சு?" என்றான் அவன்.

"நீளம்" என்றாள் ரென்ஸா.

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆமாம், நடுவுல கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சீஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.